கார் வயரைக் கடித்த எலிக்கு வந்த தீர்ப்பு

மரண தண்டனை சரியா என்று நேற்று எங்கள் காட்டுப்பாக்கம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. கூடாது என்றேன் நான். பக்கத்து வீட்டு சுந்தர் விடவில்லை. "தூக்குல போட ஆள் இல்லைன்னா சொல்லுங்க சார், நானே போடறேன்."

இன்று காலை அவர் வைத்த கூண்டில் எலி விழுந்திருந்தது. அவருடைய கார் வயரை இரண்டு முறை கடித்த எலி.

சுந்தர் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கெயம சார், நான் கவுச்சியே தொட மாட்டேன். கூண்டோட முக்குனா முட்ஞ்சுது. உன் எலி, நீயே முக்கு."

சுந்தர் என்னைப் பார்த்தார். எனக்கென்று ஒரு கொள்கை இருப்பது இவ்வளவு நிம்மதியாக என்றுமே இருந்ததில்லை.

எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"குட்டி இருக்குமோ?" என்றார் சுந்தர்.

"இன்னா சார், எலிக்கு வாய்தா கேக்குற?" என்றார் வாட்ச்மேன்.

கடைசியில் அதே காரில் சென்னீர்குப்பம் பக்கம் ஒரு காலி மனைக்குப் போனோம். கூண்டு என் மடியில். எலிக்குப் புழுங்கும் என்று சுந்தர் ஏசி போட்டார். கதவைத் திறந்ததும் அது புதருக்குள் ஓடியது. இருவரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டோம்.

திரும்பும்போது சொன்னார்: "மனுஷன் விஷயம் வேற சார். அதுல நான் மாறல."

நான் தலையை ஆட்டிவைத்தேன். வீடு வரை அவர் காரில்தான் வர வேண்டும்.

எலி திரும்பி வந்தால் வாளி இருக்கிறது, ஆள்தான் இல்லை. தூக்கு வேண்டும் என்பவர்கள் கமெண்டில் பெயர் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமையும் வரக்கூடியவர்களாக இருந்தால் நல்லது.