வாடாத இலையும் ஞாயிற்றுக்கிழமை டூட்டியும்

1. முதலாளி வசனம் படித்த காலை

அன்று திங்கட்கிழமை. முதலாளி என் செக்‌ஷனுக்கு வந்தார். நான் சனிக்கிழமை ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கரின் முன்னால் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்து என்னைப் பார்த்தார். மறுபடி ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"ஏனுங்க ஜெயசீலன், உஷ்ணம் வந்தாலும் இந்த மரத்து இலை பச்சையாவே இருக்கும்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமாங்க முதலாளி. வசனமுங்க."

"வசனம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இலை பச்சையாவே இருந்துச்சுன்னா இந்த ஃபேன் எதுக்குங்க? கரண்ட் பில்லு எதுக்குங்க? நீங்கதான் எதுக்குங்க?"

நீலகிரியில், பிக்கட்டிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் வித்தரிங் சூப்பர்வைசர். பறித்து வரும் கொழுந்தை நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் வைத்துக் காற்றுவிட்டு வாட்டுவதுதான் என் வேலை. அந்தத் தொட்டிக்கு டிரஃப் என்று பேர். இலை சரியாக வாடினால்தான் மெஷினில் வெட்ட முடியும். ஊரில் எல்லோரும் இலை வாடிவிட்டதே என்று கவலைப்படுவார்கள். நான் வாடவில்லையே என்று கவலைப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்டவன், இருக்கிற வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு, வாடாத இலையைத் தேடிப் பிடித்து டிரஃப்பிலேயே ஒட்டியிருக்கிறேன்.

காரணம், எங்கள் சபையில் அப்போதிருந்த ஆயர் செய்த பிரசங்கம். வேலை செய்யும் இடத்தில் சாட்சியாக இருங்கள் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. சொல்வார் என்று கடைசி ஜெபம் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு ஊட்டிக்குப் போய் ஸ்டிக்கர் அடித்தேன்.

டிரஃப்போடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தூளைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் மேல் அவியாத அக்கினியைப் பற்றிய வசனம். அதைப் படித்த டிரையர்மேன், "என்னைய நரகத்துக்கே அனுப்பிட்டீங்களேண்ணா" என்று பாதி நாள் பேசவில்லை. கொழுந்து எடை போடும் தராசின் மேல் கள்ளத் தராசைப் பற்றிய வசனம். கொழுந்து கொண்டுவந்த விவசாயிகள் கூடிவிட்டார்கள்: "ஏனுங்க, இத்தன நாளா இது கள்ளத் தராசுங்களா? சொல்லவேயில்லீங்க?" முதலாளி என் செக்‌ஷனுக்குப் படிக்க வந்ததே அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டுத்தான்.

மண்ணெண்ணெய் போட்டு எல்லாவற்றையும் சுரண்டினேன். கூட உட்கார்ந்து சுரண்டியவன் முருகையா. எனக்கு மாற்று ஷிப்ட் பார்க்கும் இன்னொரு சூப்பர்வைசர். அவனுடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்து வளர்ந்தது இங்கேதான், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எஸ்டேட் லயத்தில்.

"வசனம் எப்படியோ அண்ணே," என்றான் பிளேடை அழுத்திக்கொண்டே, "பசை நல்ல பசை."

2. ஆயரம்மா டிரஃப் பார்த்தது

அந்த ஆயர் மாற்றலாகிப் போனார். எங்கள் சபைக்கு முதல் தடவையாக ஒரு பெண் ஆயர் வந்தார். ஆயரம்மா என்று கூப்பிடப் பழகிக்கொண்டோம். வீடு சந்திப்புக்கு வந்தவர், என் மனைவி ரோஸி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த டீ எப்படி வருதுன்னு பாக்கணும். உங்க ஃபேக்டரிக்கு வரலாமா?"

"அங்க எதுக்குங்க அம்மா? ஒரே சத்தமுங்க."

"ஊட்டுல நீங்க தூங்குறதுதான் அதிகம். தூங்குற ஆளை எத்தனை தடவை சந்திக்கிறது?"

வந்தார். தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, மெஷின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தார். வாடிய இலையைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து எப்படிப் பதம் பார்ப்பது என்று முருகையா காட்டினான். பந்தாக நின்று மெதுவாக விரிந்தால் சரியான பதம். ஆயரம்மா பிடித்துப் பார்த்த இலை பட்டென்று விரிந்தது. "இன்னும் வாடணுமா?" என்று கேட்டார். சரியான பதில்தான். முருகையாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பிறகு ஜெபம் செய்தார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எங்கே ஆமென் வருமோ என்று அவர் உதட்டையே ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை தப்பான இடத்தில் ஆமென் போட்டேன்.

கிளம்பும்போது வெளியே வந்து, "இந்த வேலையில உங்களுக்கு எது கஷ்டம்?" என்று கேட்டார். நான் கொயரில் பாடுவது எந்தக் குரல், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், காணிக்கை என்ன ஆயிற்று என்றெல்லாம் சபையில் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. வாயடைத்து நின்றேன். என் மனைவி இதை இன்னும் நம்பவில்லை.

அடுத்த மாதமே ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் நாற்காலி போட்டு ஒரு கூட்டம் ஆரம்பித்தார். திங்கட்கிழமைக் கூட்டம் என்று பேர். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கூட்டத்துக்கு எப்படித் திங்கட்கிழமைக் கூட்டம் என்று பேர் வைக்கலாம் என்று சபைச் செக்ரெட்டரி தேவராஜ் ஆட்சேபித்தார். ரிட்டயர்டு கிளார்க். ஆட்சேபிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கூட்டத்தில் பிரசங்கம் கிடையாது. நாளைக்கு வேலையில் எது பயமாக இருக்கிறது, யாரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, அதைச் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் யோசனை சொல்வார்கள். கடைசியில் சின்ன ஜெபம். எங்கள் பஸ் டிரைவர் ஒருவருக்கு, கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிடாத டூரிஸ்ட் கார்களைப் பார்த்தால் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். அதற்குப் பதிலாக வேறு ஒன்று பழகச் சொன்னோம். இப்போது ஜன்னலில் தலையை நீட்டி, "நல்லா இருங்க சாமி!" என்கிறார். தொனி மட்டும் மாறவில்லை. காரில் இருப்பவர்கள் பயந்துபோய் உடனே ரிவர்ஸ் எடுக்கிறார்கள்.

3. ஒரு சட்டி, ஒரு பாட்டு

கோடை மழை தொடங்கியிருந்த ஒரு வாரம். முருகையா டிரஃப் ஓரத்தில் வந்து நின்றான். இலையைக் கிளறினான். கிளறிய இடத்தையே மறுபடி கிளறினான்.

"என்னடா?"

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை லயத்துல மாரியம்மன் திருவிழா. நான் தீச்சட்டி எடுக்கணும். காலையில."

அவன் மகளுக்குப் பிரசவம் ஊட்டி ஆஸ்பத்திரியில் ரொம்பச் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் வேண்டிக்கொண்ட சட்டி அது.

"எடுடா. அதுக்கென்ன?"

"காலை டூட்டி என்னோடதுண்ணே."

அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை வரும் கொழுந்து ஞாயிறு காலை டிரஃப்பில் இருக்கும். மழையில் நனைந்த ஈர இலை. பார்க்க ஆள் இல்லாவிட்டால் சூடேறிக் கெட்டுப்போகும். எங்கள் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் கையில் முதலாளி விடமாட்டார். அந்த ஞாயிறு எங்கள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. கொயர் பாட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கென்று தனியாக இரண்டு வரி உண்டு. அந்த இரண்டு வரிக்காக ஒரு மாதமாகக் குளியலறையில் அக்கம்பக்கத்தைப் படுத்திக்கொண்டிருந்தேன். ஆராதனைக்குப் பிறகு மட்டன் பிரியாணி வேறு.

"அடுத்த வருஷம் எடுக்கலாமில்லடா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தான், பிரியாணி இல்லை.

"அம்மாகிட்ட தவணை சொல்ல முடியுமாண்ணே? புள்ளை குடுத்தது தவணையிலயா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கை இலையை விட்டு எழவில்லை. "முடியாட்டி முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வீட்டுக்குப் போய் ரோஸியிடம் சொன்னேன். அவள் ஆயரம்மாவுக்குப் போன் போட்டாள். அன்று சாயங்காலமே, வியாழக்கிழமையில், திங்கட்கிழமைக் கூட்டம் கூடியது. தேவராஜ் இந்தக் கிழமையையும் ஆட்சேபித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க ஜெயசீலன், பண்டிகை ஆராதனையை விட்டுப்போட்டுப் போறதே தப்புங்க. அதுவும் எதுக்கு? அவரு போயி அங்க சட்டி எடுக்கறதுக்குங்களா? நாம அந்த வழிபாட்டுக்கு உதவி பண்ணுன மாதிரி ஆகாதுங்களா?"

கேள்வி நியாயமான கேள்வி. எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். அதைவிடப் பெரியதாக, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு வரியும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஆயரம்மா என் பக்கம் திரும்பினார். "ஜெயசீலன், நீங்க ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட விடாம ஆலயத்துக்கு வர்றீங்க. அந்த நேரத்துல இலையை யாரு பாக்குறாங்க?"

"முருகையாதானுங்க."

"எத்தனை நாளா?"

"நான் இந்த ஃபேக்டரிக்கு வந்ததுலிருந்துங்க."

தேவராஜ் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். இத்தனை வருஷம் நான் நின்று பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் அவன் நின்றிருக்கிறான். ஒரு தடவைகூட அவன் கணக்குச் சொன்னதில்லை. இன்றைக்குக்கூட அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் உடனே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

"அவரு எங்க போறாரு, என்ன செய்யறாருங்கறது அவரோட மனசு," என்றார் ஆயரம்மா. "நம்ம ஆளு எங்க நிக்கணும்னுதான் நமக்குக் கேள்வி."

"அப்ப அந்த சோலோவை யாருங்க பாடறது?" என்றார் தேவராஜ். கேட்ட வேகத்திலேயே தெரிந்தது, பாடப்போவது அவர்தான்.

4. கரண்ட் போன நேரம்

ஞாயிறு காலை டிரஃப்பில் இலை ஈரமாக, பிடிவாதமாகக் கிடந்தது. வெளியே மூட்டத்தில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. ஃபேனைக் கூட்டிக் குறைத்து, இரண்டு பெண்களை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தேன். தூரத்தில் லயத்திலிருந்து உறுமி மேளச் சத்தம் விட்டுவிட்டு வந்தது.

நான் ஆராதனையைக் கேட்கட்டும் என்று ரோஸி ஆலயத்திலிருந்து எனக்குப் போன் போட்டு, அதை மடியில் வைத்திருந்தாள். நானும் ஸ்பீக்கரில் போட்டு டிரஃப் விளிம்பில் வைத்தேன். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் பாட்டு வருகிற நேரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, என் இரண்டு வரியை இலைக்கே பாடினேன்.

திடீரென்று கரண்ட் போனது. எல்லா ஃபேனும் ஒரே சமயத்தில் நின்றது. அந்த அமைதியில் போனிலிருந்து ஆயரம்மா குரல் தெளிவாக வந்தது. ஜெப வேளை.

"இந்த நேரத்தில் டூட்டியில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்காக. மஞ்சூர் பஸ்ஸை ஓட்டுகிற சகோதரனுக்காக. ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிற நர்ஸ் சகோதரிக்காக. டிரஃப் பக்கத்தில் நிற்கிற ஜெயசீலனுக்காக. நாங்கள் இவர்களை அனுப்பியிருக்கிறோம், ஆண்டவரே. இத்தனை ஞாயிறும் ஜெயசீலனை எங்களிடம் அனுப்பிவைத்த முருகையாவுக்காகவும், அவர் மகளுக்காகவும், அந்தக் குழந்தைக்காகவும் நன்றி."

இலை கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "அண்ணே, உங்க பேரு! முருகையா அண்ணன் பேருகூட வருது! கோயில்லயா சொல்றாங்க?"

தலையை ஆட்டினேன். ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டேன். ஆமென் அந்தச் சத்தத்தில் போய்விட்டது. இந்தத் தடவை சரியான இடத்தில்தான் போட்டிருப்பேன் என்று நம்புகிறேன்.

மத்தியானம் ரோஸி பிரியாணிப் பொட்டலம் இரண்டு கொண்டுவந்தாள். ஒன்று முருகையாவுக்கு என்று ஆயரம்மா கொடுத்தனுப்பியது.

"தேவராஜ் எப்படிப் பாடுனாரு?"

"அப்படியே நீங்க பாடுற மாதிரியேதாங்க. சுதியே சேரலை."

முருகையா மஞ்சள் துணியோடு வந்தான். நெற்றியில் திருநீறு, உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. என்னிடம் பேசுவதற்கு முன்னால், அந்தக் கையாலேயே இலையை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்த்தான். பந்தாக நின்று, மெதுவாக விரிந்தது.

"நல்லா வாடியிருக்குண்ணே. என்ன பண்ணுனீங்க?"

"பாடுனேன்."

"அதான்."

பிரியாணியை நீட்டினேன். விரதம் இன்னும் முடியவில்லை என்று கும்பிட்டான். ஆக, இரண்டு பொட்டலமும் எனக்கே. பிறகு அவன் பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து வைத்தான்.

"பொங்கல்ணே. ஊட்டுக்காரி குடுத்துவிட்டா. கோயில்ல படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டா. சாப்புட உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு."

நான் ஒரு நாளும் அவனிடம் என் நம்பிக்கையைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை. ஸ்டிக்கர்தான் ஒட்டினேன். அவன் வீட்டில், திருவிழா நெரிசலில், உலை கொதிக்கும் நேரத்தில், என் மனசாட்சிக்கென்று ஒரு கரண்டிப் பொங்கலை யாரோ தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நம் சபைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். திங்கட்கிழமை உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்கிற சபையாக நம் சபையை ஆக்குங்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கையைத் தூக்கிச் சொல்லுங்கள். நீங்கள் ஆலயத்தில் நிற்கிற நேரத்தில் உங்கள் இடத்தில் நிற்பவர் யார் என்று விசாரியுங்கள். அவர் பேரை ஜெபத்தில் சொல்லுங்கள். அவருக்கு ஒரு நாள் தேவைப்படும்போது போய் நில்லுங்கள்.

இப்போதெல்லாம் மாரியம்மன் திருவிழா ஞாயிறு என் டூட்டி என்பது எழுதாத சட்டம். ஸ்டிக்கர் மிச்சம் இரண்டு வீட்டில் இருக்கின்றன. பசை நல்ல பசை. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், டிரஃப்பில் மட்டும் ஒட்டாதீர்கள்.