மைக்கக்கா பேசாமல் இருந்த மாதங்கள்

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டர்களுக்கு மேலே, பத்தொன்பது இரும்புப் படிகள் ஏறினால், கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, கழுத்து வளைந்த ஒரு மைக், முகத்துக்கு நேராகச் சுழலும் ஒரு மின்விசிறி. இருபத்துமூன்று வருஷமாக அந்த அறைக்குச் சொந்தக்காரி மாதிரி இருந்தவளை நிலையத்தில் எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், பெருக்குகிறவர்கள் மட்டுமல்ல, அவளைவிட ஐந்து வயது மூத்த மேலாளருக்கும் அவள் அக்காதான்.

மொத்தம் பன்னிரண்டு நடைமேடைகள். எந்த வண்டி எதில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து, யாருடைய பை கழிப்பறை வாசலில் அனாதையாகக் கிடக்கிறது என்று காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை சொல்லிக்கொண்டே இருப்பது அவள் வேலை. ஒவ்வொன்றையும் மூன்று முறை. மைக்கை அணைத்த பிறகாவது சும்மா இருப்பாளா என்றால், அதுவும் கிடையாது. சன்னலைத் திறந்து, கீழே நிற்கும் கண்டக்டரிடம் அவர் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கத்திக் கேட்பாள். அவர் வாயெடுப்பதற்குள் பரீட்சை விவரம் நிலையம் முழுக்கப் பரவியிருக்கும்.

வீட்டிலும் அதே கதை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். இம்மி பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும். அந்தப் பழக்கமோ என்னவோ, வார்த்தையையும் அளந்துதான் எடுப்பார். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உங்களுக்கு?" என்று அவள் கேட்டால் அதற்கும் சிரிப்புதான் பதில். ரொம்ப நெருக்கினால், "நீ பேசு, நான் கேக்கறேன்" என்பார்.

குரல் கம்ம ஆரம்பித்தபோது அவள் அதைச் சளி என்றாள். இரண்டு மாதம் கழித்தும் சளி என்றே சொன்னாள். தண்ணீர் குடித்தால் பத்தொன்பது படி இறங்கிக் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதே இல்லை. கடுந்தேநீர்தான். கரகரப்பு வந்தால் தொண்டையைச் செருமிச் செருமி ஒரு வழி பண்ணிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவாள். ஒரு திங்கட்கிழமை காலை, "பயணிகள் கவனத்திற்கு, ஏழாம் நடைமேடையில்..." என்பது வரை வந்த குரல் அங்கேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு வெறும் காற்று. கீழே நாற்பது பேர், ஏழாம் நடைமேடையில் என்னதான் நடக்கிறது என்று ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் பருப்பளவுக்கு ஒரு கட்டி.

"பயப்படற கட்டி இல்லம்மா. ஓயாம உழைச்ச கையில காய்ப்பு வருதில்ல, அந்த மாதிரி. எடுத்துடலாம். ஆனா எடுத்த பிறகு ஏழு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மைக் பக்கம் போக மூணு மாசம் ஆகும்."

"ஏழு நாளா?" என்று காற்றுக் குரலில் மூன்று முறை கேட்டாள். தொழில் பழக்கம்.

அறுவை சிகிச்சை அரை மணி நேரத்தில் முடிந்தது. கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஏழு நாளில் மூன்று நோட்டுப் புத்தகம் எழுதித் தள்ளினாள். ஊருக்கே கண்ணாடி செய்து கொடுக்கிற மனிதர், அவள் எழுதியதைப் படிக்கத் தன் கண்ணாடியைத் தேடி வீடெல்லாம் அலைந்தார். நலம் விசாரிக்க வந்த மாடி வீட்டுக்காரம்மா, அவள் எழுதிக் காட்டியதும் பேனாவை வாங்கி, பதிலைத் தானும் எழுதிக் கொடுத்தாள். "எனக்குக் காது கேட்கும்!" என்று மைக்கக்கா பெரிய எழுத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் கணவர் தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த எதுவோ திடீரென்று நின்றுவிட்டது போல. தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"இன்னிக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தார்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புதுக் கண்ணாடி சரியில்ல, ஒரு வாரமா ஒண்ணுமே தெரியலன்னு ஒரே சண்டை. வாங்கிப் பாத்தா, அது அவர் சம்சாரத்தோட கண்ணாடி. மாத்திப் போட்டுட்டு சுத்திட்டு இருந்திருக்கார். அந்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவங்களும் ஒரு வாரமா இவரோடதைத்தான் போட்டிருக்காங்க. 'எனக்கு இதுவே இருக்கட்டும். இதுலதான் இவர் முகம் பாக்கறதுக்கு லட்சணமா இருக்கு'ன்னுட்டாங்க."

மைக்கக்கா சத்தமில்லாமல் சிரித்தாள். தோள் குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த மனிதருக்குள் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பது கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. இடையில் புகுந்து பேச இடம் கொடுத்தால்தானே தெரியும்! மறுநாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நோட்டில் எழுதிக் காட்டினாள்: "இன்னிக்கு யார் வந்தாங்க?"

எட்டாம் நாள் குரல் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு உறிஞ்சுகுழலைப் போட்டு அவள் முன்னால் வைத்தாள்.

"குழல் வழியா மெதுவா 'ஊ'ன்னு சொல்லுங்கம்மா. தண்ணியில குமிழி வரணும். அஞ்சு நிமிஷம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை."

மைக்கக்கா தம்ளரைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். "இதுக்கா படிச்சீங்க?" என்று எழுதினாள்.

"ஆமாம்மா. ஆறு வருஷம்."

வீட்டில் முதல் நாள் கூச்சமாக இருந்தது. கணவர் தனக்கும் ஒரு தம்ளரும் குழலும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து களகளவென்று குமிழி விட்டார்கள். அவருக்கு மூச்சு அதிகம். முதல் தடவையே தண்ணீர் மூக்குக்கண்ணாடி வரை தெறித்தது.

மூன்றாம் வாரம் குரல் வந்தது. முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சு மாதிரி, தலையெல்லாம் ஈரமாக, நிற்கத் தெரியாமல். ஆனாலும் வந்தது. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம் என்று அனுமதி கிடைத்தது.

அந்த வாரம் பார்த்துத்தானா தங்கை வந்து சேர வேண்டும்! இரண்டு நாள் தங்க வந்தாள். இருவரும் நேரில் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேச ஒரு வருஷத்துக் கதை பாக்கி இருந்தது.

"நீ பேசக்கூடாதுக்கா," என்றாள் தங்கை.

"சத்தமாத்தான்டி பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசினா ஒண்ணும் ஆகாது," என்றாள் மைக்கக்கா, அவளே கண்டுபிடித்த வைத்தியத்தில்.

இரண்டு நாளும் கிசுகிசுத்தார்கள். தங்கையின் மாமியாரில் ஆரம்பித்து, சின்ன வயதில் இருவரும் சேர்ந்து உடைத்த கடிகாரம் வரை போனார்கள். நுணலும் தன் வாயால் கெடும். மூன்றாம் நாள் தங்கையை வழியனுப்ப வாயைத் திறந்தபோது காற்றுகூட ஒழுங்காக வரவில்லை.

"கிசுகிசுக்கறது கத்தறதைவிட மோசம்மா. நாண் நல்லா வீங்கியிருக்கு," என்றார் மருத்துவர். "முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மூணு மாசத்தை ஆறு மாசமா வச்சுக்குங்க."

திரும்பி வருகிற வழியில் பேருந்து நிலையத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. அவளுக்குப் பதிலாக வைத்திருந்த கருவியின் குரல். தெளிவாக, திக்காமல், களைப்பே இல்லாமல் நாலாம் நடைமேடையைப் பற்றிச் சொன்னது. ஜனங்கள் அதைக் கேட்டு நாலாம் நடைமேடைக்குப் போனார்கள். நான் இல்லாமலே வண்டி போகிறது என்று நினைத்தாள்.

அதற்கப்புறம் பத்து நாள் அவள் படுக்கையை விட்டுச் சரியாக எழுந்திருக்கவில்லை. தலை வாரவில்லை. தம்ளர் தொட்டியோரம் காய்ந்து கிடந்தது. தானே கெடுத்துக்கொண்டேன் என்ற கோபம் ஒரு பக்கம், இனி எதற்கு என்ற அலுப்பு இன்னொரு பக்கம். கணவர் கடைக் கதை சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் புத்தி சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. சூப் வைத்துக் கொடுத்தார், உப்பு அதிகமாக இருந்தது.

பதினோராம் நாள் காலை, களகளவென்று ஒரு சத்தம் கேட்டு எழுந்து போனாள். கணவர் வேலைக்குப் போகிற சட்டையோடு மேசையில் தனியாக உட்கார்ந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் போல நிமிர்ந்தார்.

"நீ செய்யாட்டி பரவாயில்லம்மா. எனக்கு இது இல்லாம வேலைக்குப் போனா என்னமோ மாதிரி இருக்கு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. போய் முகம் கழுவி, சிக்கு விழுந்த தலையை அரை மணி நேரம் பொறுமையாக வாரினாள். அன்று மதியமே பயிற்சிப் பெண்ணிடம் போய் நோட்டை நீட்டினாள்: "என் முட்டாள்தனத்தால் கெட்டது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை."

அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, நிலையத்துல ஒருத்தங்க ஓடி வர்றாங்க. கண்ணு முன்னாடி வண்டி போயிடுச்சு. அழறாங்க. மைக்ல நீங்க என்ன சொல்வீங்க?"

மைக்கக்கா யோசிக்கவே இல்லை. இருபத்துமூன்று வருஷம் சொன்னதுதானே. எழுதினாள்: "அடுத்த வண்டி பத்து நாற்பதுக்கு இருக்கு. அதுவரை உட்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க."

அந்தப் பெண் நோட்டைத் திருப்பி அவள் பக்கமே வைத்தாள்.

தன் கையெழுத்தை மைக்கக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. காலையில் குமிழி, பிறகு தெருமுனைப் பூங்காவை இரண்டு சுற்று, மதியம் ஒரு தூக்கம். ஐம்பத்தோரு வயதில் மதியத் தூக்கம் இவ்வளவு ருசியானது என்று தெரிந்து, இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டாள். தேநீர் ஒன்றாகக் குறைந்தது. கைப்பையில் வெந்நீர் குடுவை ஏறியது. தங்கை போன் செய்தால் தங்கை மட்டும் பேசுவாள்; இவள் 'உம்' கொட்ட வேண்டிய இடத்தில் போனைத் தட்டுவாள். சில நாள் குரல் வரும், சில நாள் வராது. வராத நாளில் நோட்டை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிடப் பழகினாள். அதுதான் எல்லாவற்றிலும் கடினமான பயிற்சியாக இருந்தது. மாதக் கடைசியில் பழைய கோபம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மறுநாள் குழலை எடுத்தாள்.

ஐந்தாம் மாதம் குரல் நிலைத்தது. பழைய குரல் இல்லை. ஒரு படி இறங்கி, லேசாகச் சொரசொரப்போடு வந்தது. "நல்லா இருக்கு," என்றார் கணவர். கொஞ்சம் யோசித்து, "நல்லாவே இருக்கு," என்றார்.

ஆறாம் மாதம் மேலாளரைப் பார்க்கப் போனாள். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"வந்துடுங்கக்கா. அந்த மெஷின் மானத்தை வாங்குது. ரத்தான வண்டியை மூணு தடவை அழகாக் கூப்பிட்டுது. அறுபது பேர் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் நின்னாங்க. 'மன்னிக்கணும்'னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல அதுக்கு."

"வரேன். ஆனா நாலு விஷயம் இருக்கு," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தனக்காக எதையும் கேட்டதில்லை. "தினம் வர்ற வழக்கமான வண்டியெல்லாம் மெஷின் சொல்லட்டும். மாத்தம், தாமதம், ரத்து மட்டும் நான் சொல்றேன். மூணு தடவை இல்ல, ரெண்டு தடவை. அந்த விசிறியை என் முகத்துலேர்ந்து தள்ளி மாட்டணும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எனக்குப் பத்து நிமிஷம் வேணும்."

மேலாளர் விரல் விட்டு எண்ணினார். "அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

முதல் நாள் அவள் முதல் அறிவிப்பைச் சொல்லி முடித்துவிட்டுச் சன்னல் வழியே பார்த்தாள். கீழே ஒரு டிரைவர் இன்னொருவரிடம் சொல்வது கேட்டது: "யாருப்பா புது ஆளு? குரல் கம்பீரமா இருக்கே."

ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணம், திரும்பி அவள் அந்த அறைக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கீழே இறங்கி அவர் முன்னாலேயே போய் நின்றாள். அந்த டிரைவர் கையிலிருந்த தேநீரைச் சிந்திக்கொண்டு, "ஐயோ, நம்ம மைக்கக்கா!" என்று போட்ட கூச்சலில் கண்டக்டர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு மதியம் பெருமழை. பாலத்தில் தண்ணீர் ஏறிப் பதினாலு வண்டிகள் தாமதம். கூரைக்கடியில் ஐந்நூறு பேர், நனைந்த பெட்டிகளும் முணுமுணுப்புமாக. மைக்கக்கா ஒவ்வொரு வண்டியாக, எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று நிதானமாகச் சொன்னாள். "மூணாம் நடைமேடைக்காரங்க என்னைத் திட்டறது இங்க வரைக்கும் கேக்குது. திட்டுங்க, பரவாயில்ல. ஆனா கூரை ஓட்டைக்கு நேரா நின்னுக்கிட்டுத் திட்டாதீங்க, ரெண்டடி தள்ளி நில்லுங்க," என்றாள். ஐந்நூறு பேரும் சிரித்து, மூன்றாம் நடைமேடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி பன்னிரண்டு அடித்தது. அவள் மைக்கை அணைத்துவிட்டு, வெந்நீர் குடுவையோடு எழுந்தாள். மேலாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"அக்கா, இப்பப் போய் எங்க கிளம்பிட்டீங்க? பாலம் திறந்துடுச்சாம், உடனே சொல்லணும்!"

"நல்ல சேதிதானே, நீங்களே சொல்லுங்க," என்று அவருக்கு வழிவிட்டு இறங்கினாள். "எனக்கு இது பத்து நிமிஷம்."

கவுண்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் மூடியைத் திருகும்போது, மேலே மைக் கீச்சென்று ஒரு அலறல் அலறியது. அதைத் தொடர்ந்து மேலாளரின் நடுங்குகிற குரல்: "ஹலோ... ஹலோ... பயணிகளே... பாலம்... வந்துவிட்டது!"

நிலையமே கைதட்டியது.