இரத்தினசிங்கம் அங்கிளின் சரித்திரச் சுற்றுலா

"இதிலை ஐஞ்சு நிமிசம் காணும்" என்று மணிக்கூட்டைப் பார்த்தபடியே கார்க் கதவைத் திறக்கிறார் இரத்தினசிங்கம் அங்கிள். கைதிகள் கல் சுமந்து கட்டிய தேவாலயத்துக்கு அவர் தரும் மரியாதை அவ்வளவுதான். அடுத்த கிராமத்துப் பாலத்துக்கு மூன்று நிமிடம். பழைய நீதிமன்றத்துக்கு இறங்கவே மாட்டார். "அந்தா தெரியுது, பாருங்கோ" என்று நாடியால் காட்டுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, சிட்னிக்கு மேற்கே உள்ள பழைய கிராமங்களை எங்களுக்குக் காட்டுவது அவருடைய தொண்டு. மஞ்சள் ஹோல்டன் கார். முன்னால் அவருடைய மனைவி யோகா அன்ரி, மடியில் புளிச்சாதம். பின்னால், ரயில்வேயில் அவரோடு கட்டட வரைபடம் வரையும் நான். எந்த வழியால் புறப்பட்டாலும் பன்னிரண்டு மணிக்குக் கார் ஸ்டீப்பேயின் திராட்சைத் தோட்டத்தில்தான் நிற்கும். அங்கே மட்டும் மூன்று மணித்தியாலம்.

ஸ்டீப்பே குரோஷியாக்காரர். தன் ஊரில் உள்ளதுபோலவே கல்லால் நிலவறை கட்டி வைன் வடிக்கிறார். அவரை யூகோஸ்லாவியர் என்று சொன்னவருக்குக் கிளாஸ் வராது. அங்கிளுக்கு இது முதல் நாளே விளங்கிவிட்டது. "யாழ்ப்பாணத்தாரான எங்களை இந்தியரோ எண்டு கேட்டா எங்களுக்கு எப்பிடி இருக்கும்?" நிலவறைக்கு வயது எட்டு. அங்கிள் அதையும் சரித்திரக் கட்டடம் என்றே அறிமுகம் செய்வார்.

போன வருடம் ஈரல் வீங்கிப் படுத்து எழும்பியதும் சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார்: வைன், விஸ்கி, பியர் தொடுவதில்லை. அன்ரி அதோடு விடவில்லை. "இனி ஒருக்கா வாய் மணந்தாலும் கார்த் திறப்பு என்னட்டை. பிறகு பஸ்ஸிலை போய்ச் சரித்திரம் பாருங்கோ." அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. மனுஷன் ஈரலுக்குப் பயப்பட்டதைவிடக் கார்ச் சாவி பறிபோவதற்குத்தான் அதிகம் பயந்தார். பாவம், ஆறு மாதமாக ஸ்டீப்பே வீட்டில் வெறும் கோப்பி குடித்தார்.

இந்த மார்ச்சில் திராட்சை பிழிந்து மூன்று நாளான சாற்றை ஸ்டீப்பே கிளாஸில் வார்த்து நீட்டினார். கலங்கலாக, நுரைத்து, இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அங்கிள் மூக்கருகே கொண்டுபோனார். அன்ரி வெளியே ஸ்டீப்பேயின் மனைவியோடு தக்காளி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இது கள்ளெல்லே!" என்று என் காதுக்குள் சொன்னார். "சத்தியத்திலை கள்ளு இல்லைத்தானே?"

சட்டப்படி இல்லைதான். ஆனால் வாய் மணக்குமே. அதனால் ஒரு சொட்டும் குடிக்காமல் இரண்டு போத்தல்களில் நிரப்பினார். அன்ரி தன் அக்கா வீட்டுக்குப் போகும் சனிக்கிழமைக்கு அவை. துளி வாசமும் வெளியே வராதபடி தக்கையைச் சுத்தியலால் அறைந்து, மேலே பிளாஸ்டர் சுற்றி, டிக்கியில் ஸ்பெயர் டயருக்குப் பின்னால் படுக்க வைத்தார். கள்ளு முட்டியின் வாயை இறுக்கி அடைக்கக் கூடாது என்பது யாழ்ப்பாணத்தில் கள்ளே குடிக்காதவனுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா என்ன? அன்ரியின் மூக்கை நினைத்ததில் மறந்துபோனார். பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வெட்கம்.

நல்ல வெயில். கைதிகள் கட்டிய பாலத்தில் ஏறும்போது பின்னால் ஒரு வெடி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"என்னப்பா அது?" என்றார் அன்ரி.

"டயர்."

"ரெண்டுமோ?"

"ஓம்."

"பிறகெப்பிடிக் கார் இவ்வளவு நேரா ஓடுது?"

அங்கிள் காரை ஓரமாக நிறுத்தினார். அன்ரி இறங்கி, அவர் பக்கம் வந்து கையை நீட்டினார். "டிக்கி திறக்கவேணும். திறப்பைத் தாங்கோ."

அதைக் கழற்றிக் கொடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மூன்று தேவாலயம் பார்த்திருக்கலாம். டிக்கிக்குள் ஊதா நுரை டயரின்மேல் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பாலம் முழுக்க மணந்தது. அன்ரி திறப்பை என் கையில் வைத்துவிட்டு முன்சீட்டில் போய் இருந்தார்.

அங்கிள் கைலேஞ்சியை எடுத்து டிக்கியை மூலைமூலையாகத் துடைத்தார். இவ்வளவு பொறுப்பாக அவர் எதையும் துடைத்து நான் பார்த்ததில்லை. பிறகு என் இடத்தில், பின்சீட்டில் ஏறி, நனைந்த கைலேஞ்சியை நாலாக மடித்து மூக்கில் வைத்தார்.

"என்ன?" என்று திரும்பாமலே கேட்டார் அன்ரி.

"தடிமன், மூக்கு ஒழுகுது" என்றார் அங்கிள். டூங்கபியில் வீடு வந்து சேரும்வரை அதை எடுக்கவேயில்லை.