இடம் பார்க்க வந்தவர்கள்

செஞ்சிக்கு என்று கிளம்பி வருகிறவர்கள் குறைவு. திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலில் மலையைப் பார்ப்பார்கள். மேலே ஏதோ கட்டடம் தெரிகிறதே என்பார்கள். அதற்குள் பஸ் ஊரைத் தாண்டிவிடும். கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த பிறகுதான் கொஞ்சம் பேர் வேண்டுமென்றே இறங்குகிறார்கள். போன மாதம் என் மகளின் தோழி வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று மகள் என்னைக் கேட்டாள்.

ராஜா கோட்டைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்றேன். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது, குரங்கு பையோடு பிடுங்கிக்கொள்ளும். ராணி கோட்டையை விட்டுவிடக் கூடாது. அங்கே கூட்டம் இருக்காது, காற்று இருக்கும். கல்யாண மகாலைச் சாயங்கால வெயிலில் பார்த்தால்தான் அழகு. வண்டி இருந்தால் சிங்கவரம் போய்ப் பாறைக்குள் படுத்திருக்கும் பெருமாளைப் பார்க்கலாம். தளவானூரில் குகைக் கோயில், தொண்டூரில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கை. சொல்லிக்கொண்டே போனேன். "நீ கைடாவே போயிருக்கலாம்பா" என்று மகள் சிரித்தாள்.

ஒரு நாள் நான் கைடாக இருந்திருக்கிறேன் பிள்ளைகளே. நாலாம் வகுப்பு படிக்கும்போது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்போது வீட்டில் நைனாவும் நானும் மட்டும்தான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். நைனாவுக்கு மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடும் வேலை. நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் வந்து குவிகிற காலத்தில் இருட்டின பிறகுதான் வருவார். தலையெல்லாம் உமித் தூசு இருக்கும். குளித்துவிட்டுச் சோறு வடிப்பார். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் அதிகம் பேசமாட்டார். நானும் என்ன பேசுவது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்துப் பாட்டு எதையாவது சொல்லிக்காட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நைனா படுத்துவிடுவார். வாரத்துக்கு அந்த ஒரு நாள்தான் அவருக்குத் தூக்கம். நான் கோட்டைக்குப் போய்விடுவேன். சின்னப் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. யாராவது குடும்பமாக வந்தால் அவர்கள் பின்னாலேயே நடப்பேன். கைடு சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். சில பேர் பிஸ்கட் கொடுப்பார்கள். சில வீட்டுப் பையன்கள் என்னோடு ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். என் பெயர் என்ன, எந்த வகுப்பு என்று கேட்பார்கள். சாயங்காலம் காவல்காரர் விசில் அடிப்பார். எல்லாரும் இறங்கிப் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த ஞாயிறு வேறு ஆட்கள் வருவார்கள். என் பெயரை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை வல்லத்திலிருந்து அத்தை வந்தார். நைனாவுக்கு அக்கா. வந்ததும் வீட்டைக் கழுவினார். பரணில் கிடந்த நல்ல பெட்ஷீட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தார். என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு சேத்துப்பட்டுலருந்து எடம் பாக்க வர்றாங்க. வந்தவங்க முன்னால மூக்க நோண்டிக்கினு நிக்காத" என்றார்.

பெரியவர்கள் பேச்சில் இடம் என்றால் என்ன என்பது உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். கல்யாணச் சம்பந்தத்தை இடம் என்பார்கள். நல்ல இடம், பெரிய இடம், இடம் அமைந்தது என்றெல்லாம் சொல்வார்கள். நைனாவுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பேசியிருந்தார் அத்தை. பெண் வீட்டார் எங்கள் வீடு வாசலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வருகிறார்கள். இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இடம் பார்க்க என்றால் செஞ்சியில் வேறு என்ன இருக்கிறது, கோட்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் என் வீடு தேடி வருகிறார்கள். அன்றைக்கு எந்த வழியாக ஏற்றி எந்த வழியாக இறக்குவது என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். ஒரு அண்ணன், அவர் மனைவி, அண்ணனுடைய தங்கச்சி. தங்கச்சிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தையல் வேலை செய்கிறவர். நீலப் புடவை கட்டியிருந்தார். நைனாவுக்குக் காலையில் சவரம் செய்தபோது தாடையில் வெட்டுப்பட்டிருந்தது. அந்த இடத்தைக் கையால் மறைத்தபடியே பேசினார். காபி குடித்தார்கள். அண்ணன்காரர் கூரை ஓட்டைப் பார்த்தார், பின்பக்கம் போய்க் கழிவறையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு கூரையையும் கழிவறையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, வெயில் ஏறுகிறதே என்று இருந்தது. கோட்டைக்கு எப்போ போவது என்று இரண்டு தடவை கேட்டேன். அத்தை என் தொடையில் கிள்ளினார். ஆனால் அந்த நீலப் புடவை அக்கா, "போலாமே, நீதான காட்டப் போற?" என்று எழுந்துவிட்டார். அண்ணனும் யோசித்து, "போம்மா, புள்ளகிட்டயும் பேசிப் பாத்த மாதிரி இருக்கும்" என்றார்.

எல்லாரும்தான் கிளம்பினோம். ராணி கோட்டை அடிவாரத்தில் அண்ணன்காரரின் மனைவி மூச்சு வாங்குகிறது என்று நிழலில் உட்கார்ந்துகொண்டார். அத்தை துணைக்கு உட்கார்ந்தார். நைனாவும் அண்ணன்காரரும் கைகட்டி நின்று நெல் விலை பேசினார்கள். நானும் அக்காவும் மட்டும் ஏறினோம்.

அந்த அக்கா போல ஒரு ஆளை நான் கோட்டையில் பார்த்ததே இல்லை. நான் சொல்வதைக் கேட்பார், உடனே சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்பார். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். ராஜா காலத்தில் குளத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாக எல்லா இடத்துக்கும் தண்ணீர் போனது என்று விளக்கினேன். சமையல் யார் என்று கேட்டார். களஞ்சியம் எவ்வளவு பெரியது, எண்ணெயும் நெய்யும் கொட்டி வைக்க எப்படிக் குழி வெட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். "அது ராணிக்கு. உங்களுக்கு?" என்றார். நைனாதான் என்றேன். குழம்பு எப்படி இருக்கும் என்றார். சில நாள் நன்றாக இருக்கும் என்றேன். அதற்கு ரொம்ப நேரம் சிரித்தார்.

வழியில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். மேல் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் நைனா ஊக்கு குத்தியிருந்தார். அதைக் கழற்றி, கழுத்தில் குத்தாதபடி உள்பக்கமாக மாட்டிவிட்டார். வேர்த்துப் போயிருந்த என் முகத்தை முந்தானையால் துடைத்தார். பிறகு படி ஏறும்போது என் கையை விடவே இல்லை. எனக்குக் கை பிடிக்காமல் ஏறத் தெரியும். அதைச் சொன்னால் விட்டுவிடுவாரோ என்று சொல்லவில்லை.

மேலே மண்டபத்தில் காற்று புடவையை அடித்துக்கொண்டு வந்தது. நான் எதிரே ராஜா கோட்டையைக் காட்டினேன். அவர் ஊர்ப்பக்கம் திரும்பி, உங்கள் வீடு எது என்று கேட்டார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? இருந்தாலும் காட்டினேன். மாதா கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் தெரு, கமிட்டியின் நீளமான ஷெட்டு, இந்தப் பக்கம் ஓட்டு வீடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து யாரோடு விளையாடுவாய் என்றார்.

"இங்க வர்றவங்களோட."

"அவங்க போயிட்டா?"

அவர் போய்விடுவாரே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. சாயங்காலம் பஸ். அடுத்த ஞாயிறு வேறு யாரோ. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லாவற்றையும் இன்றைக்கே காட்டிவிடக் கூடாது. "சிங்கவரம் இன்னிக்கி வேணாம்கா. அடுத்த வாட்டி வந்தா காட்டறேன். அதுக்கு அடுத்த வாட்டி தளவானூர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வாட்டி வர்றது இருக்கட்டும். நான் இங்கியே இருந்துடவா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். மண்டபத்துக்குக் கதவு கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. "இங்கியா? இருக்க வுடமாட்டாங்கக்கா. சாய்ந்தரம் விசில் அடிச்சிடுவாங்க" என்றேன்.

"மத்தவங்க வுடறது இருக்கட்டும். நீ சொல்லு. உனக்கு சரியா? இருக்கட்டுமா, வேணாமா?"

இரவில் அந்த மலையில் ஒரு ஆள் தனியாக இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நிஜமாகவே பயந்து சொன்னேன்.

"வேணாம்கா. நல்லா இருக்காது. எறங்கிடுங்க."

அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு சரி என்று சொல்லி எழுந்தார். இறங்கும்போது நான் குரங்குகளைப் பற்றியும் பழைய பீரங்கிக் குண்டுகளைப் பற்றியும் விடாமல் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். வழுக்குகிற படிகளில் மட்டும் என் கையைப் பிடித்தார். அடிவாரத்தில் நைனா எங்களைப் பார்த்ததும் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு நின்றார். அண்ணன்காரர் கண்ணாலேயே ஏதோ கேட்டார். அக்கா, "எடம் நல்லாத்தான் இருக்குது" என்றார். நல்ல சர்டிபிகேட் வாங்கிவிட்டேன் என்று நான் நைனாவைப் பார்த்துச் சிரித்தேன். நைனாவும் சிரித்தார். தாடையில் அந்த வெட்டு மறுபடியும் கசிந்திருந்தது.

பஸ் ஏறும்போது அக்கா என் கன்னத்தைத் தொட்டு, நன்றாகப் படி என்றார். வழக்கமாக எல்லாரும் சொல்வதுதான்.

மலைமேல் நடந்தது என்ன என்பது எனக்குத் தெரிய ரொம்ப வருடம் ஆனது. நைனா காலமாகி, எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். வல்லத்தில் அத்தை மணிலா உடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "உங்க நைனாவுக்கும் ஒரு தொண கெடச்சிருக்கும். நீதான் வேணாம்னுட்ட." நான் எப்போது சொன்னேன் என்று கேட்டேன். "இருந்துடட்டுமான்னு அவ கேட்டாளாம், வேணாம், எறங்கிடுன்னு சொன்னியாமே. தாயில்லாத புள்ள, அதுக்கே இஷ்டம் இல்லாத வூட்டுல நான் போயி உக்காந்தா அது எங்க போவும்னு சொல்லி அனுப்பிட்டா. அண்ணங்காரன் சம்மதம்னுதான் சொன்னான். அவதான் கேக்கல." நைனாவுக்கு இது தெரியுமா என்றேன். "அன்னிக்கே சொன்னனே. அதுக்கப்பறம் எத்தினி எடம் கொண்டாந்தேன், அவன் வாயத் தொறக்கலையே" என்றார்.

அத்தை வந்து சொன்ன அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாயிறு போய் நாலைந்து நாள் இருக்கும். வெளியே வேலியோரம் நின்று நைனாவிடம் மெதுவாகப் பேசினார். உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. "எடம் ஒத்து வரலியாம்." பிறகு வல்லம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நைனா உள்ளே வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். பற்ற வைக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்லா இருக்குது என்று அடிவாரத்தில் நின்று சொன்னவர்கள், ஊருக்குப் போய் இப்படிப் பேசலாமா? எத்தனை பேர் பின்னால் ஏறியிருக்கிறேன், ஒருவராவது குறை சொல்லியிருப்பார்களா?

"நம்ப எடத்துக்கு இன்னா நைனா கொறச்சல்?" என்றேன்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். மலைமேல் நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எடத்துல ஒரு கொறையும் இல்லடா. நம்ப ரெண்டு பேருக்கு இது போதும்" என்றார்.

கோட்டையைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.