தெரிந்த ஆட்களுக்கு இல்லை

“உங்களுக்கு இல்லை” என்று எல்சி வாளியின் மூடியை அமத்திப் பிடித்தாள். முன்னால் காசோடு நின்றவர் அவளுடைய கோயில் பங்கைச் சேர்ந்தவர், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்து வயிறாரத் தின்றவர். வாளிக்குள் கணவாய் ரோல்ஸ் சூடு ஆறாமல் கிடந்தது. “இருக்குத்தானே பிள்ளை?” என்றார் மனிதர். “இருக்கு. தெரிஞ்ச ஆக்களுக்கு இல்லை.” அவர் முகம் சுண்டிப்போய் நடையைக் கட்டினார்.

திருகோணமலைப் பஸ் நிலையத்தின் பின்மதிலோரம், மூதூர் பஸ் வந்து நிற்கிற பக்கத்தில், இந்தக் கூத்தைக் காலையில் யாரும் பார்க்கலாம். வாங்கியவர்களோடும் அவளுக்குச் சண்டைதான். கடித்துவிட்டு ஒருவர் “சோக்கா இருக்கு” என்று தலையாட்டினால் போதும், பொரிந்து தள்ளிவிடுவாள். “சோக்கெண்டு சொல்லாதேங்கோ. நாளைக்கும் வாங்குவியளோ? அதைச் சொல்லுங்கோ!” பக்கத்துக் கடலைக்காரர் இவளை விசரி என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டார்.

அந்தச் சோக்குத்தான் அவளை ஒருதரம் கவிழ்த்தது. சில வருடங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளவில் மீன் கட்லட் விற்றாள். தட்டு ஒவ்வொரு கிழமையும் துடைத்துவைத்ததுபோல் காலியானது. புகழாத வாயில்லை. அந்தத் தைரியத்தில் தாலிக்கொடியை விற்றுக் கடை திறந்தாள். திறப்பு விழாவுக்குப் பங்கே திரண்டு வந்தது. மறுநாள் ஈ வந்தது. கோயில் வாசலில் நின்றவளைக் கடந்துபோகக் கூச்சப்பட்டு வாங்கிய சனம், கடைத்தெருவரைக்கும் தேடிக்கொண்டு வருமா? “முகத்துக்காக வாங்கினவை, வாய்க்காகப் புளுகினவை. நான்தான் விசரி, நம்பினனான்” என்று இப்போதும் பல்லைக் கடிப்பாள். கழுத்தில் இன்றைக்கும் ஒரு மெல்லிய நூல்தான்.

இவ்வளவும் பட்ட பிறகு கணவர் இக்னேசியஸ் கட்டாரிலிருந்து திரும்பி வந்து இன்னொரு கடை என்றார். துறைமுக வீதியில், கண்ணாடிக் கதவு போட்ட சாப்பாட்டுக் கடை. அதற்கு எல்சியின் சீதன வீட்டை ஈடு வைக்கவேண்டும், அவள் கையெழுத்துப் போடவேண்டும். கடை வருமுன்னே ‘எல்சி சீ ஃபுட்’ என்று பெயர்ப்பலகை எழுதிக் கொண்டுவந்து குசினிக் கதவின் பின்னால் சாய்த்தும் வைத்துவிட்டார். பிள்ளை பிறக்கமுன் பேர் வைக்கிற அவசரம் சில ஆண்களுக்குக் கூடப் பிறந்தது.

எல்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு வாளி ரோல்ஸ், அதுவும் மாரி காலத்தில், முன்பின் தெரியாத சனத்துக்கு மட்டும். நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் கல்லைப் பொரித்து வைத்தாலும் விற்கும், அது கணக்கில் வராது. “ரெண்டாந்தரம் வாறவர்தான் ஆள். முதல்தரம் வாறது பசி” என்பாள். கொட்டும் மழையில் திரும்பி வர ஆட்கள் இருந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். இக்னேசியஸுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “வெயில்ல வெந்து உழைச்சவன் நான். எனக்கு வாளியோட சோதினை வைக்கிறா!”

வாளியைத் தேடித் திரும்பி வந்தவர்களில் பஹ்மியா ஒருத்தி. மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்து புடைவைக் கடையொன்றில் வேலை செய்கிறவள். ஒருநாளும் நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. “நேத்தும் சொன்னன்தானே, உறைப்புக் காணாதெண்டு! சரி, ரெண்டு தாங்க.” அவளுடைய முறைப்பாடு எல்சிக்கு வயிற்றில் பால் வார்த்தது. பிறகு வாகனம் திருத்துகிற கறாஜ் உடுப்போடு இரண்டுபேர் வரத் தொடங்கினார்கள். மழையோ புயலோ தவறமாட்டார்கள், ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்தாக வாங்குவார்கள், குறையே சொல்லமாட்டார்கள். எல்சி காலையில் குசினியில் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். “வாற கிழமை போய்க் கையெழுத்து வைப்பம்” என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை வாளி வேளைக்கே காலியாகிவிட்டது. மதிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவள், மான்கூட்டம் எதையோ மொய்த்து நிற்பதைக் கண்டாள். திருகோணமலையில் மான் தெருவில் நிற்பது புதினமில்லை, வேறு ஊரில் மாடு நிற்கிறமாதிரித்தான். ஆனால் மான் மென்றுகொண்டிருந்த தாளில் அவளுடைய மகளின் கையெழுத்து இருந்தது. மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அவள் ரோல்ஸ் சுற்றிக் கொடுப்பாள். நிலத்தில் ரோல்ஸ் கடிபடாமல் கிடந்தது, காகம் கொத்திக்கொண்டிருந்தது. கறாஜ்காரர் இருவரும் மிச்சத்தை உதறிக்கொட்டியபடி நின்றார்கள்.

எல்சி ஒருவனின் சேட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். “கோவிக்காதேங்கோ அக்கா. இக்னேசி அண்ணைதான் காசு தந்து வாங்கச் சொன்னவர். எங்களுக்குக் கணவாய் ஒத்துவராது.”

வீட்டில் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் எண்டுவினம். நீங்கள் அந்த ஒரு சோத்தையே கள்ளமாக் கொண்டுவந்து போட்டிட்டீங்கள். மானுக்குத் தீத்தி என்னைப் பேய்க்காட்டினீங்கள்! இந்த வீடும் போயிருந்தால் பிள்ளையோட நான் எந்த மதிலோரம் படுக்கிறது?”

இக்னேசியஸ் கதிரையைவிட்டு எழும்பவில்லை. “நீ பாட்டெல்லாம் படிச்சனீ எல்சி” என்றார். “எவ்வளவு காலத்துக்குப் பிறகு.”

“அதுதான் எனக்குப் பொறுக்க ஏலாமக் கிடக்கு!” என்று எல்சி கத்தினாள். பெயர்ப்பலகையை இழுத்துக் கொண்டுபோய் மழையில் போட்டாள்.

திங்கட்கிழமையும் மழை விடவில்லை. எல்சி அதே மதிலோரம் அதே வாளியோடு நின்றாள். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன, மிளகு இடித்த கை எரிந்தது. குடையில்லாமல் நனைந்தபடி இக்னேசியஸ் வந்து முன்னால் நின்றார். காசை நீட்டினார்.

“ரெண்டு தா.”

எல்சி மூடியை அமத்திப் பிடித்தாள். அவர் போகவில்லை. நீட்டிய கையில் நோட்டு நனைந்து தொங்கியது. அப்போது மூதூர் பஸ் சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து நின்றது. பஹ்மியா மிதிபலகையில் நின்றபடியே குரல் கொடுத்தாள். “இண்டைக்காவது உறைப்புப் போட்டீங்களா, இல்லையா?”

எல்சி கணவரின் தோளைப் புறங்கையால் விலக்கிவிட்டு, வாளியைத் திறந்தாள்.