ஹெல்கா போட்ட தாழ்ப்பாள்கள்

சர்வரில் கை வைப்பதற்கு முன்னால் ஹெல்கா திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்துகொள்வாள். ஒன்றில் வேலை நடக்கும். மற்றொன்று சும்மா கிடக்கும். வேலை முடிந்து, புதிதாக ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கும்வரை அதை மூட மாட்டாள். பூட்டை மாற்றப் போய்த் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வது இந்தத் தொழில்காரர்களுக்கென்றே வாய்த்த முட்டாள்தனம். "ஒரு கால் எப்பவும் வாசலுக்கு உள்ளேயே இருக்கணும்" என்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டாளாம். அதைப் பற்றிக் கேட்டால், காபி ஆறுகிறது என்று எழுந்து போய்விடுவாள்.

கோர்பிசாரி ஊராட்சி அலுவலகத்தில் அவளுக்கு மூலை அறை. ஈரக் காலணிகளை வெப்பக்குழாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, நாளெல்லாம் கம்பளிக் காலுறையோடு நடமாடுவாள். சர்வரில் எந்தக் கட்டளை வரியையும் அழிக்க மாட்டாள். அதன் முன்னால் ஒரு குறியிட்டு, இயங்காமல் உறங்க வைத்துவிடுவாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிவேட்டில் நான்கு விவரம்: நாள், செய்தது, காரணம், கேட்டவர். "கேட்டவர் பேர் இல்லாம எதையும் தொடக் கூடாது. ரெண்டு வருஷம் கழிச்சு நான் யாரைப் போய்த் திட்டுறது?" தானே தீர்மானித்துச் செய்ததற்குத் தன் பெயரையே எழுதிக்கொள்வாள்.

பிப்ரவரியில், வெளியாட்கள் புகாதபடி அந்தச் சர்வருக்கு ஒன்பது தாழ்ப்பாள் போட்டாள். பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஓர் இணையதளம் அதற்கு முதல் தரம் கொடுத்தது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். மேலாளர் யார்க்கோ எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இதென்ன ஊராட்சியா, கஜானாவா?"

"திருடன் ரெண்டுக்கும்தான் வருவான்" என்றாள்.

அதே சர்வரில் யாரும் கணக்கில் எடுக்காத இணையப் பக்கம் ஒன்று உண்டு. படகுத்துறைக் கேமரா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏரியைப் படமெடுத்து அதில் போடும். அவளுடைய அப்பா ஊர்ஹோ, முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோது ஹெல்காதான் அதை ஏற்பாடு செய்தாள். அந்த ஏரியில் நாற்பது வருடம் மரக்கட்டை இழுக்கும் படகு ஓட்டியவர் அவர். இல்லத்தில் ஆளுக்கொரு பழைய டேப்லெட், மொத்தம் பன்னிரண்டு. காலைக் காபிக்கு முன்னால் அதில் ஏரியைப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்ததும், "வடக்குப் பக்கம் ஐஸ் கறுத்துப்போச்சு. இன்னும் பத்தே நாள்ல உடைஞ்சிடும்" என்பார். ஒரு நாளுக்கு மேல் அவர் கணக்குத் தப்பியதில்லை.

மார்ச்சில் அவர் கேட்க ஆரம்பித்தார்.

"ஐஸ் எப்படி இருக்கு, ஹெல்கா?"

"அப்பா, அதை நீங்கதானே எனக்குச் சொல்லணும்!"

அவர் சிரித்துவிட்டு ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக்கொண்டார். மூன்று ஞாயிறும் இதே கேள்வி. வெளியே வந்து செவிலி சைமியிடம், "அப்பாவுக்கு ஞாபகம் தப்புது போலிருக்கு" என்றாள். சைமியும் குறித்துக்கொண்டாள். ஏப்ரல் கடைசியில் நிமோனியா வந்து ஊர்ஹோ இறந்துபோனார். ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது.

அடக்கம் முடிந்து அவருடைய பொருள்களை வாங்கப் போனபோது, சைமி டேப்லெட்டை மேலே வைத்துக் கொடுத்தாள்.

"இதுல ரெண்டு மாசமா ஏரிப் படம் வரலைங்க. இங்க எல்லாருக்கும் அப்படித்தான். உங்ககிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், என் பொண்ணு காரணம் இல்லாம எதையும் மூட மாட்டா'ன்னுட்டார்."

ஹெல்காவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பழைய டேப்லெட்டுக்குப் பழைய பூட்டு முறை மட்டுமே தெரியும். அதைத்தான் பிப்ரவரியில் அவள் நிறுத்தியிருந்தாள். சோதித்ததெல்லாம் புதுக் கருவிகளில். அப்பாவின் புத்தியில் ஒரு குறையும் இருக்கவில்லை. தெளிவாக இருந்த மனிதருக்கு மறதி என்று பெயர் வைத்தது தன் வாய்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு ஜன்னல்களோடு உட்கார்ந்தாள். யார்க்கோ தயங்கித் தயங்கி வந்தான்.

"இல்லத்துக்குச் செப்டம்பர்ல புது டேப்லெட் வந்துடும். அதுவரைக்கும் இப்படியே விட்டுடேன். கஷ்டப்பட்டுப் போட்டதாச்சே."

"அங்க இன்னும் பதினோரு பேர் இருக்காங்க, யார்க்கோ. எல்லாருக்கும் செப்டம்பர் உண்டா?"

அவன் தன் அறைக்குத் திரும்பினான்.

ஏரிப் பக்கத்தை மட்டும் தனியே பிரித்து வைத்தாள். மற்றவற்றின் தாழ்ப்பாள் அப்படியே இருக்கட்டும். பிறகு அந்தப் பக்கத்துக்குக் கடைசியாகப் போட்ட தாழ்ப்பாளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக விலக்கினாள். ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்த அப்பாவின் டேப்லெட்டைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு முறை வெறும் வெள்ளை. மூன்றாவது முறை ஏரி வந்தது. வடக்கே ஐஸ் கறுத்திருந்தது. துறையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர்.

இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். "வருதுங்க!" என்றாள் சைமி. "ஐஸ் உடைய இன்னும் எத்தனை நாள்னு இங்க ஒரே சண்டை. உங்கப்பா இருந்தா ஒரு வார்த்தையில முடிச்சிருப்பார்."

புதிதாக ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்தாயிற்று. பதிவு மட்டும் பாக்கி. நாள் எழுதினாள். செய்தது எழுதினாள். காரணம்: பழைய டேப்லெட்டுகள். கேட்டவர் என்ற இடத்தில் வழக்கம்போலத் தன் பெயரின் முதல் எழுத்தை அடித்தாள். அதை அழித்தாள். ஊர்ஹோ தொர்வினென் என்று முழுப் பெயரையும் அடித்துவிட்டு, இரண்டாவது ஜன்னலை மூடினாள்.