ஈரம் பார்க்கும் பெட்டி

ஆலை மூடி இரண்டு வருடமாகிறது. இன்றும் நாவுலச் சந்தியில் நெல் மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று போனால் புஹாரிக்குக் கை பரபரக்கும். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த அந்த வருடம் நினைவுக்கு வரும்.

அப்போதுதான் பதுர்தீன் முதலாளி தன் அரிசி ஆலையில், நெல் விழும் பீலியின் மேல், சின்னப் பெட்டியொன்றைப் பொருத்தினார். ஓடுகிற நெல்லுக்குள் மைக்ரோவேவ் என்கிற நுண்ணலையை அனுப்பி, ஈரம் எவ்வளவு என்று உடனே காட்டும் பெட்டி. அதற்குப் பொறுப்பு, ஊரார் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் புஹாரி. முதல்நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

கெடுத்தது சில்வெஸ்டர். சீகிரியாவில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்பவன். தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மைக்ரோவேவா? எங்க குசினியில அதுலதான் சோறு சூடாக்குறோம்."

மறுநாளிலிருந்து யாரும் ஈரம் பார்க்க விதைநெல் கொண்டுவரவில்லை. வெந்த நெல் எங்கே முளைக்கும்?

"இந்த மாசத்துக்குள்ள ஆக்கள் வரல்லன்னா பெட்டியக் கழட்டிருவேன். ஒனக்கும் வேலையில்ல" என்றார் முதலாளி.

புஹாரி விவசாயிகளைக் கூப்பிட்டு, பெட்டிக்குக் கீழே கையை நீட்டினார். "பாருங்க, வெந்திச்சா?"

"ஒங்க கையையா, நானா, நான் வயல்ல வெதைக்கப்போறேன்?" என்றார் அவர்களில் ஒருவரான மாரிமுத்து. எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று மாலையே புஹாரி வீட்டிலிருந்த விதைநெல்லைச் சைக்கிளில் ஏற்றினார். அந்தப் போகத்துக்கு அவர்களிடம் வேறு விதை இல்லை. மனைவி உம்மு குல்தூம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"சுடாதுன்னு ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"பெட்டியப் பூட்டின எஞ்சினியர் சொன்னாரு."

"அவரா வந்து புள்ளைகளுக்குச் சோறு போடுவாரு?"

ஆனாலும் போனார்.

மாரிமுத்து பார்த்து நிற்கவே நெல்லைப் பெட்டிக்குக் கீழே ஓடவிட்டு, ஆலை முற்றத்திலேயே ஊறவைத்து, சாக்கில் கட்டி வைக்கோலால் மூடினார். வீட்டில் உம்மு குல்தூம் பேசாமல் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புஹாரியோ ஆளில்லாத நேரம் சாக்கைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தது. முளைக்கிற சூடா, அவிந்துபோன சூடா?

மூன்றாம் நாள் சாக்கை அவிழ்த்தபோது உம்மு குல்தூமும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். நெல்லெல்லாம் வெள்ளை மூக்கு விட்டிருந்தது. "வயல்ல சேறு காயுது, தூக்குங்க" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு.

மாரிமுத்து மேலே ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். நம்பாமல் அடியிலும் ஒரு பிடி அள்ளினார்.

"சரி நானா, என் மூட்டையையும் கொண்டாறேன். ஆனா கொஞ்சம் வெரசா ஓட்டுங்க. ரொம்ப நேரம் அதுக்குக் கீழ வைக்காதீங்க."

மாரிமுத்துவின் நெல் அந்த ஆலையில் கடைசிவரை வேகமாகத்தான் ஓடியது.